வாக்குப்பெட்டி வழியே தர்மாசனம்

நீதிபதி என்பவர் நியமனத்தால் வருகிறவர் என்று எண்ணிப் பழகிய நமக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல ராஜ்யங்களில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக விரும்புகிறவரும், நம் ஊர் முனிசிபல் கவுன்சிலரைப் போலவே, ஊர் ஊராகச் சென்று கை குலுக்கி, கட்சிக் கூட்டங்களில் பேசி, நன்கொடை திரட்டி, ஓட்டுக் கேட்டுத்தான் தர்மாசனம் ஏறவேண்டும் என்று கேள்விப்படும்போது சற்றே திகைப்பு உண்டாவது இயல்பே. அந்தத் திகைப்போடு நின்றுவிடாமல், அவ்வழக்கம் எவ்வாறு பிறந்தது என்று ஆராயப் புகுவோர்க்கு ஓஹியோ ராஜ்யத்தின் சரித்திரம் மிகவும் பயன்படும். ஏனெனில் சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே உள்ள பாதை அங்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து நடந்து தேய்ந்த பாதை.

1803-இல் ஓஹியோ ஒரு ராஜ்யமாக யூனியனில் சேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அதன் அரசியல் நிர்ணயச் சட்டத்தை வகுத்தவர்கள், அதுவரை அப்பிரதேசத்தை ஆண்ட கவர்னர் ஆர்தர் செயின்ட் கிளேரின் எதேச்சாதிகாரத்தால் மனம் கசந்திருந்தவர்கள். ஆகவே கவர்னருக்கு மசோதாக்களைத் தடுக்கும் அதிகாரத்தைக்கூடக் கொடாமல், அதிகாரம் அனைத்தையும் சட்டசபையின் கையில் குவித்தார்கள். நீதிபதிகளையும் இரு சபைகளும் கூட்டாக ஓட்டளித்து ஏழாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுத்தன. தேர்ந்தெடுக்கிறவர்கள் சட்டசபை அங்கத்தினர்கள் என்றால், தேர்ந்தெடுக்கப்படுவதற்கு எளிய வழி தாமும் அங்கத்தினராய் இருந்து அவர்களுடைய நட்பைச் சம்பாதிப்பதுதான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? செனட்டராயிருந்த ஸாமுவெல் ஹண்டிங்டன் அப்படித்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். செனட்டராயிருந்த ஜார்ஜ் டாடும் அவ்வாறே போனார்.

ஆனால் தங்கள் சகாக்களை நீதிபதிகளாக அனுப்பிய சட்டசபையார் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறொன்று. 1805-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஐம்பது டாலர் வரையிலான கடன் வழக்குகளை ஜூரியின்றியே கிராம மாஜிஸ்டிரேட்டுகள் விசாரித்து முடிக்கலாம் என்று விதித்திருந்தது. இருபது டாலருக்கு மேற்பட்ட வழக்குகளில் ஜூரி விசாரணை உண்டு என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் வாக்கு. அதைக் காட்டி அச்சட்டம் செல்லாது என்று முதலில் கீழ்க்கோர்ட்டு நீதிபதி கால்வின் பீஸ் தீர்ப்பளித்தார். 1807-இல் ஹண்டிங்டனும் டாடும் உச்ச நீதிமன்றத்தில் அதே கொள்கையை உறுதி செய்தார்கள். மக்கள் பிரதிநிதிகள் செய்த சட்டத்தை, அப்பிரதிநிதிகளாலேயே பதவி பெற்ற நீதிபதிகள் தள்ளுவதா என்று சபையில் எழுந்த கோபத்தின் விளைவாக, பீஸ் மீதும் டாட் மீதும் குற்றச்சாட்டுக் கொண்டுவந்து செனட்டின் முன் நிறுத்தினார்கள். ஹண்டிங்டன் அதற்குள் கவர்னராகிவிட்டபடியால் தப்பினார். 1809-இல் நடந்த விசாரணையில், தண்டிக்கத் தேவையான மூன்றில் இரு பங்கு ஓட்டுக்கு ஒரே ஒரு ஓட்டுக் குறைந்ததால் இருவரும் விடுதலையானார்கள். வெட்கமடைந்து விட்டுவிட வேண்டியதுதானே? அடுத்த ஆண்டே சட்டசபை வேறொரு யுக்தியைக் கண்டுபிடித்தது: ஏழாண்டு என்பது ஒவ்வொரு நீதிபதியும் பதவியேற்ற நாளிலிருந்து எண்ணத்தக்கதன்று, ராஜ்யம் பிறந்த நாளிலிருந்து எண்ணத்தக்கது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி, நேற்று அமர்ந்தவர் உட்பட எல்லா நீதிபதிகளின் ஆசனங்களையும் ஒரே மூச்சில் காலியாக்கிற்று. அத்தீர்மானத்தால் பதவி இழந்த டாட், வந்த வழியே திரும்பி ராஜ்ய செனட்டில் மறுபடியும் அமர்ந்தார்.

இதற்குப் பின் ஒரு தலைமுறைக் காலம் நீதிபதிப் பதவி கட்சிகளின் பேரத்துக்கு உரிய சரக்காகவே இருந்துவந்தது. அவற்றுள் மிகவும் பிரசித்தமான பேரம் 1849-இல் நடந்தது. அவ்வாண்டுச் சட்டசபையில் விக் கட்சிக்கும் டெமாக்ரடிக் கட்சிக்கும் பலம் ஏறக்குறையச் சமமாக நிற்க, அடிமைமுறை பரவுவதை எதிர்த்த ஃப்ரீ ஸாயில் கட்சியைச் சேர்ந்த டவுன்ஷெண்ட், மார்ஸ் என்ற இருவர் கையில் தராசின் முள் இருந்தது. டெமாக்ரட்டுகளோடு அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஸால்மன் சேஸ் அமெரிக்க செனட்டுக்குப் போனார். கறுப்பினத்தாரை ஒடுக்கிய சட்டங்களிற் பெரும்பாலானவை நீங்கின. அதற்கு ஈடாக, ஓஹியோ உச்ச நீதிமன்றத்தில் காலியாயிருந்த இடங்கள் டெமாக்ரட்டுகளுக்குக் கிடைத்தன. அவ்விடங்களுள் ஒன்றைப் பெற்ற ரூஃபஸ் ஸ்பால்டிங், ஒரு காலத்தில் அதே பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராயிருந்தவர். அப்பேரத்தில் விளைந்த நன்மை பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு புண்ணிய காரியத்துக்கும் நீதிபதி ஸ்தானம் விலைப்பொருளாயிற்று என்பது பார்த்தவர் மனத்தில் உறுத்தாமற் போகவில்லை.

1850-இல் கூடிய அரசியல் நிர்ணய மகாநாடு இந்த உறுத்தலைச் சுமந்துகொண்டே கூடிற்று. தலைநகரான கொலம்பஸில் காலரா கண்டதால் சின்சினாட்டிக்கு இடம் மாறி நடந்த அம்மகாநாட்டினர், சட்டசபையின் பிடியிலிருந்து நீதிமன்றத்தை மீட்கும் உபாயமாகவே ஜனங்களின் ஓட்டைக் கருதினார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மிஸிஸிப்பி 1832-இலும் நியூயார்க் 1846-இலும் அவ்வழியைக் காட்டியிருந்தன. நீதிபதி ஜனங்களிடமிருந்து நேரே அதிகாரம் பெறுவாராயின், சட்டசபை அவரை மிரட்ட முடியாது; ஆகவே ஜனங்களுக்காகவே சட்டசபைக்கு எதிராகத் தீர்ப்பளிக்கும் துணிவு அவருக்கு உண்டாகும் என்பது அவர்கள் எண்ணம். இன்று தேர்தல் என்றால் நீதிபதியின் சுதந்திரத்துக்குக் குறைவு என்று கொள்கிறோம். அன்றைய சீர்திருத்தக்காரர்கள் நேர்மாறாகக் கொண்டார்கள். 1851-இன் சட்டப்படி ஐந்து நீதிபதிகளை ஜனங்கள் தேர்ந்தெடுத்தனர். 1912-இன் திருத்தத்துக்குப் பின் பிரதம நீதிபதியோடு சேர்ந்து எழுவர் என்றாயிற்று. காலவரை ஆறு ஆண்டு.

இடையில் நேர்ந்த ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1911-இல் செய்த சட்டம், நீதிபதிப் பதவிக்கான நவம்பர் தேர்தல் சீட்டில் அபேட்சகரின் கட்சியைக் குறிக்கலாகாது என்றது. ஆனால் அதே அபேட்சகரைப் பிற்காலத்தில் முன்னிறுத்துவதோ கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தல்தான். கட்சியின் முத்திரையோடு புறப்பட்டு, முத்திரையை உறைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நிற்பவரை வாக்காளர் எதைக்கொண்டு அறிவார்? பழகிய பெயரைக்கொண்டுதான். 1970-களிலும் 1980-களிலும் பிரவுன் என்ற பெயருடைய மூவர் அந்நீதிமன்றத்தில் அமர்ந்ததும், 1993-இல் சுவீனி என்ற பெயருடைய இருவர் ஒருங்கே அமர்ந்ததும் முற்றிலும் தற்செயல் என்று கொள்வது கடினம். நீதிபதிகளைத் தகுதி பார்த்து நியமிக்கலாமே என்ற யோசனையை 1938-இலும் 1987-இலும் ஓஹியோ வாக்காளரின் முன் வைத்தார்கள். இருமுறையும் வாக்காளர் தள்ளிவிட்டார்கள். உச்ச நீதிமன்ற அபேட்சகரின் கட்சிப் பெயர் சீட்டில் திரும்பவும் இடம்பெற வழி செய்தது 2021-ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்தப் பாதையில் நம் காலத்தில் நடந்தவர்களுள் என் கவனத்தை மிகவும் ஈர்ப்பவர் பால் பைஃபர். 1942-இல் புஸைரஸ் என்ற சிற்றூரில் பிறந்து, அதன் அருகே பால்பண்ணையில் வளர்ந்து, ஓஹியோ ஸ்டேட் சர்வகலாசாலையில் 1966-இல் சட்டப் பட்டம் பெற்றவர். ராஜ்யத்தின் உதவி அட்டர்னி ஜெனரலாயிருந்து, ரிபப்ளிகன் கட்சியின் சார்பில் 1971-இல் பிரதிநிதிகள் சபையில் ஒரு தவணை அமர்ந்து, பிறகு கிராஃபர்ட் கவுண்டியில் அரசாங்க வக்கீலாக வழக்கு நடத்தி, 1977 முதல் 1992 வரை செனட்டராயிருந்தவர். செனட்டின் நீதித்துறைக் கமிட்டிக்கு நெடுங்காலம் தலைமை வகித்தார். 1982-இல் அமெரிக்க செனட்டுக்கு ஹோவர்ட் மெட்ஸன்பாமை எதிர்த்து நின்று தோற்றார். 1986-இல் கவர்னர் பதவிக்குக் கட்சியின் அபேட்சகராக முயன்றும் பலிக்கவில்லை. மேலே ஏறும் இரு படிகளும் வழுக்கிய பின்புதான் 1992-இல் அவர் உச்ச நீதிமன்றத் தேர்தலில் நின்று வென்றார். 1998, 2004, 2010 தேர்தல்களிலும் ஜனங்கள் அவரையே அனுப்பினர்.

செனட்டராக அவர் செய்த காரியங்களுள் மிகவும் கனமானது மரண தண்டனைச் சட்டம். ஓஹியோவில் முன்பிருந்த சட்டம், தண்டனையைக் குறைக்கத்தக்க சூழ்நிலைகளை நீதிபதி முழுமையாக ஆலோசிக்க இடந்தரவில்லை என்ற காரணத்தால் 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாயிற்று. அதற்கு ஈடாக 1981-இல் வந்த புதிய சட்டத்தை இயற்றியவர்களுள் முக்கியமானவர் பைஃபர். கொடியவருள் கொடியவர்க்கே இத்தண்டனை என்று அவரும் அவருடைய சகாக்களும் கருதினார்கள்.

நீதிமன்றத்துக்கு வந்த பின் அவர் தம் பழைய சபைக்கு அடங்கிய பிள்ளையாக நடக்கவில்லை. பெர்ரி கவுண்டியில் தொடங்கிய பள்ளிக்கூட நிதி வழக்கு அதற்குச் சாட்சி. உள்ளூர் சொத்து வரியையே பெரிதும் நம்பியிருந்த முறையால், பணக்கார ஊரின் பள்ளி ஒருவிதமாகவும், மாணவரின் மேஜைகளில் நிலக்கரித் தூள் படிந்த ஏழை ஊரின் பள்ளி வேறுவிதமாகவும் இருக்க, இது அரசியல் சட்டம் வாக்களித்த முழுமையும் திறமையும் வாய்ந்த கல்வி முறையன்று என்று 1997 மார்ச்சில் நால்வர் மூவர் என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. அந்நால்வருள் பைஃபரும் ஒருவர். கவர்னரும் சட்டசபையின் இரு அவைகளும் அப்போது அவருடைய சொந்தக் கட்சியின் வசம். அந்த நிதிமுறை வளர்ந்த ஆண்டுகளில் அவரே செனட்டில் அமர்ந்திருந்தவர். 2002-இல் அதே வழக்கின் நான்காவது தீர்ப்பை எழுதினவரும் அவரே. நஷ்டஈட்டு வழக்குகளைச் சுருக்கிய சட்டத்தை 1999-இல் தள்ளியதும் அதே நால்வர்தாம். அதனால் சினம் கொண்ட வியாபார ஸ்தாபனங்கள் 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்நால்வருள் ஒருவரான நீதிபதி ஆலிஸ் ரெஸ்னிக்கைத் தோற்கடிக்கப் பெருந்தொகையை விளம்பரங்களில் கொட்டியும், வாக்காளர் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். தேர்தல் முறையின் ஆபத்து எங்கே இருக்கிறதென்று கேட்டால், அபேட்சகர் முன்பு எந்தச் சபையில் உட்கார்ந்திருந்தார் என்பதைக் காட்டிலும், அவருக்கு எதிராகவும் ஆதரவாகவும் செலவழிக்கிறவர் யார் என்பதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

தாம் எழுதிய சட்டத்தின்படி வந்த மரண தண்டனை வழக்குகளை ஆண்டுக்கணக்கில் கேட்ட பைஃபர், 2011-இல் அத்தண்டனையையே ஒழிக்க வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். அவ்வாண்டு டிசம்பரில் பிரதிநிதிகள் சபையின் கமிட்டி முன் சென்று சாட்சியமும் அளித்தார். ஒரே விதக் குற்றத்துக்கு ஒரு கவுண்டியின் அரசாங்க வக்கீல் மரணத்தைக் கோருகிறார், அடுத்த கவுண்டியில் கோருவதில்லை. தண்டனை குலுக்கல் சீட்டாகிவிட்டது என்பது அவர் கண்ட அனுபவம். விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனை பிற்காலத்தில் சட்டத்தில் புகுந்தபடியால், மரண தண்டனைக்கு முன்பிருந்த அவசியமும் போய்விட்டது என்றார். சட்டத்தை நீக்குவது மட்டும் தீர்ப்பால் ஆகிற காரியமன்று, சட்டசபையே செய்ய வேண்டியது என்ற வரம்பை அவர் காத்தார். சட்டம் எவ்வாறு உருவாகிறது என்பதை உள்ளிருந்து அறிந்தவர் நீதிபதியாகும்போது கிடைக்கக்கூடிய லாபம் இது. தம் கைப்பட எழுதியது பிறர் கையில் என்னவாகிறது என்று கண்டு, அதைச் சொல்லவும் அவர்க்குத் தகுதி இருக்கிறது.

எழுபது வயது கடந்தவர் நீதிபதித் தேர்தலில் நிற்கலாகாது என்பது 1968 முதல் ஓஹியோவின் விதியாதலால், 2016-இல் நின்று வெல்ல அவருக்கு வழியில்லை. 2017 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். ஓஹியோவில் கடைசி மரண தண்டனை 2018 ஜூலையில் நிறைவேறியது. 1981-இல் அதே செனட்டில் அமர்ந்து அச்சட்டத்தை ஆதரித்த மைக் டிவைன் 2019-இல் கவர்னராகி, அப்போது முதல் தண்டனை நாட்களை ஒத்திவைத்தே வந்திருக்கிறார். சட்டத்தை மட்டும் சட்டசபை நீக்கவில்லை.