எதை நிறுத்துவார் விவசாயி?

பெரம்பூர் பக்கம் எனக்கு வாடிக்கையான ஒரு காய்கறிக் கடை உண்டு. தக்காளி விலை ஏறும்போதெல்லாம் அங்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். 'இன்னாப்பா, நேத்து ஒரு ரேட்டு, இன்னிக்கு ஒரு ரேட்டா?' என்று யாராவது எகிறுவார்கள். கடைக்காரர் தராசை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வார்: 'என்னை ஏன் சார் கேக்குறீங்க? கோயம்பேட்டுல போய்க் கேளுங்க.'

கோயம்பேட்டில் கேட்டால் லாரி வாடகை என்பார்கள். லாரிக்காரர் டீசல் என்பார். ஆளாளுக்கு ஒரு பதில். விளைவித்த ஆசாமியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் படித்தது பி.காம். அடக்க விலையோடு லாபத்தைச் சேர்த்தால் விற்பனை விலை என்பது காஸ்டிங்கில் அரிச்சுவடி. சோப்புக்கும் சைக்கிளுக்கும் அதுதான் கணக்கு. விவசாயிக்கு மட்டும் செல்லாது. வாங்கும் உரத்துக்கு விலை சொல்பவர் கடைக்காரர். விற்கும் விளைச்சலுக்கு விலை சொல்பவர் வியாபாரி. இரண்டு பக்கமும் எதிராளியே விலை சொல்லும் ஒரே தொழில் இதுவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் சங்கம் வைத்துக் கேட்க வேண்டியதுதானே?

சங்கம் என்றால் பெரம்பூர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1918 ஏப்ரல் 27-ம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இங்கே இருந்த பின்னி ஆலைகளின் தொழிலாளர்களுக்காகத்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அந்தத் தொழிலாளிகளிடம் ஒரு பலம் இருந்தது. கோபம் வந்தால் தறியை நிறுத்தலாம். தறி நின்றால் முதலாளிக்கு நஷ்டம்.

விவசாயி எதை நிறுத்துவார்? விதைக்காமல் விட்டால் முதல் பட்டினி அவர் வீட்டில்தான். பால் கறக்காமல் விட்டால் மாட்டுக்குத்தான் வலிக்கும்.

இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தது கோயமுத்தூர். ஏன் கோயமுத்தூர்? அது மழை குறைந்த சீமை. கிணற்றை நம்பித்தான் வெள்ளாமை. 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் வந்த பிறகு, மெல்ல மெல்ல ஏற்றம் போய் மோட்டார் வந்தது. தஞ்சாவூர்க்காரருக்குக் காவிரி என்றால், கோவை விவசாயிக்குக் கரன்ட்தான் காவிரி!

1970. நம் வடசென்னையில் எண்ணூர் அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கிய வருஷம். மின்சாரத்துக்குப் பணம் வேண்டும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அதுவும் நியாயம்தான். விவசாயத்துக்கு யூனிட் 8 பைசாவாக இருந்த கட்டணம் 10 பைசா ஆனது.

ப்பூ, ரெண்டு பைசாதானே? கொஞ்சம் பொறுங்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 4 யூனிட் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் 32 யூனிட். தினம் 64 பைசா கூடுதல் செலவு, அதுவும் 1970-ல்! மில் முதலாளிக்குக் கரன்ட் சார்ஜ் ஏறினால் துணி விலையில் ஏற்றிவிடுவார். விவசாயி யார் தலையில் ஏற்றுவார்?

போராட்டம் வெடித்தது. 1970 ஜூன் 19 அன்று திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்துப் போனார்கள். இரண்டு பைசாவுக்காக மூன்று உயிர்.

1972-ல் மறுபடி கட்டண உயர்வு. இந்த முறை விவசாயிகள் தங்கள் ஆயுதத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். மாட்டு வண்டி! கிராமம் கிராமமாக வண்டிகள் கிளம்பிக் கோவை நகருக்குள் வந்தன. வீதிகளை அடைத்துக்கொண்டு நின்றன. கல் வீச்சு இல்லை, கூச்சல் இல்லை. வண்டி நின்றது, அவ்வளவுதான். ஊர் ஸ்தம்பித்துப் போனது. நகரத்துக்குப் பாலும் காய்கறியும் அனுப்புவதையும் நிறுத்தினார்கள். தறியை நிறுத்த முடியாதவர்கள் நகரத்தையே நிறுத்திக் காட்டினார்கள்.

அமெரிக்க விவசாயிகள் டிராக்டர்களில் வாஷிங்டனுக்குள் புகுந்து நகரத்தைத் திணறடித்தது 1979-ல்தான். நம்ம ஊர் வண்டிகள் ஏழு வருஷம் முந்திக்கொண்டன.

ஆனால், விலை பெரிது. 1972 ஜூலை 5 அன்று நடந்த பந்த்தில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு. பல விவசாயிகள் பலியானார்கள். அதன் பிறகே பேச்சுவார்த்தை, சலுகை எல்லாம். இன்றும் ஜூலை 5-ஐ விவசாயிகள் தியாகிகள் தினமாக அனுசரிக்கிறார்கள்.

இந்தப் போராட்டங்களின் முகம் நாராயணசாமி நாயுடு. கோவைக்கு வடக்கே வையம்பாளையம் கிராமத்து விவசாயி. 1973-ல் தமிழக விவசாயிகள் சங்கம் மாநிலம் தழுவிய அமைப்பாக எழுந்தபோது அவர்தான் தலைவர். எந்தக் கட்சிக்கும் வால் பிடிக்காத சங்கம் என்பதுதான் அதன் கெத்து. கரன்ட் பில் கட்ட மாட்டோம், கடனைத் திருப்ப மாட்டோம் என்றார்கள். ஜப்தி செய்ய வந்த அதிகாரிகளை ஊரே கூடி மறித்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டுமே அவரைப் பார்த்து யோசித்தன. காரணம், இவர் பக்கம் இருக்கும் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது.

1982-ல் அந்த ரகசியத்தை அவரே உடைத்தார். தனிக் கட்சி ஆரம்பித்தார். 1984 டிசம்பர் 21, தேர்தல் பிரசாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் மாரடைப்பால் காலமானார். கட்சி கரை சேரவில்லை.

ஏன்? போராட்டத்தில் எல்லோரும் விவசாயி. ஓட்டுச் சாவடிக்குள் போனதும் ஒருவர் இரட்டை இலை, ஒருவர் உதயசூரியன், இன்னொருவர் தன் சாதி. கூலி வேலை பார்த்த நிலமில்லாதவர்களுக்கோ அது பண்ணையக்காரர்களின் சங்கமாகவே தெரிந்தது. கிணறே இல்லாதவருக்குக் கரன்ட் சார்ஜ் குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

இப்போது கதையின் விசித்திரமான பகுதி. தேர்தலில் தோற்ற சங்கத்தின் கோரிக்கை ஜெயித்தது! 1984-லேயே எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1989-ல் மீண்டும் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தார். 1970-லும் 72-லும் முதல்வராக இருந்த அதே கருணாநிதி! 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் மறுபடி கட்டணம் வந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் கைவிட்டுப் போனதும், அதே மே மாதம் கட்டணமும் போனது. அதன் பிறகு அந்த ஸ்விட்சில் கை வைக்க எந்த முதல்வரும் துணியவில்லை.

ஆக, விவசாயி ஜெயித்துவிட்டாரா?

பாதிதான். கரன்ட் இலவசம், ஆனால் கிணறு வற்றி, போர் போட்டு, ஆழம் பல நூறு அடிக்குப் போய்விட்டது. தண்ணீரே இல்லாத இடத்தில் மோட்டார் எதை இறைக்கும்? அந்தச் சங்கம் கேட்ட இன்னொன்று, விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை. அது இன்னும் வரவில்லை. அடக்க விலைக்கு மேல் 50 சதவிகிதம் சேர்த்துக் கொடுங்கள் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான கமிஷன் 2006-ல் சொன்னது. 2020-21-ல் டெல்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்து மூன்று வேளாண் சட்டங்களை வாபஸ் வாங்க வைத்தார்களே, அவர்கள் கேட்ட விலை உத்தரவாதச் சட்டம் மட்டும் கைக்கு வரவில்லை.

மின்சாரம் கிடைத்தது, விலை கிடைக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். மின்சாரம் கேட்டபோது எதிரே நின்றது அரசாங்கம் மட்டும். விலை கேட்கும்போது எதிரே நிற்பது நீங்களும் நானும்!

1998-ல் வெங்காய விலை எகிறியதில் டெல்லி மாநில ஆட்சியே பறிபோனது. சரி, வெங்காய விலை விழுந்ததற்காக எந்த நகரத்து வாக்காளராவது ஓர் ஆட்சியைக் கவிழ்த்திருக்கிறாரா? சங்கமே இல்லாத நம்மைப் பார்த்துத்தான் அரசாங்கங்கள் அதிகம் பயப்படுகின்றன.

தக்காளி கிலோ பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நாட்களும் உண்டு. அன்றைக்கு அந்தப் பெரம்பூர் கடையில் பஞ்சாயத்தே நடப்பதில்லை. இரண்டு கிலோவாகப் போடச் சொல்லிப் பையை நீட்டுகிறோம். அந்தப் பத்து ரூபாயில் தோட்டத்துக்காரருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நானும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.