மானம்பூ எடுத்த பள்ளிக்கூடங்கள்

மதுரைக்குக் கிழக்கே வண்டியூர்ப் பகுதிக்குப் பிரசித்தி தருகிற வைபவங்கள் இரண்டு. தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியம்மையும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் எழுந்தருளுவது ஒன்று. சித்திரையில் வைகையில் இறங்கிய அழகர் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து தங்கிச் செல்வது மற்றொன்று. இக்காலத்துப் பள்ளிக்கூடங்களின் ஆண்டு விழாவும், பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சியும், முழு ஆண்டுத் தேர்வும் ஏறக்குறைய இவ்விரு வைபவங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே நடந்தேறுகின்றன. ஆயினும் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன், தான் கற்றதைப் பிள்ளை ஊராருக்குக் காட்டிய நாள் இவற்றுள் எதுவும் அன்று. அது நவராத்திரியின் மகாநவமி. மகாநவமி என்ற பெயரே மக்கள் வாக்கில் மருவி, 'மானம்பூ' என்றாகிப் பள்ளிக்கூடத்துச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளியில் பாட அட்டவணை கிடையாது. வகுப்பு என்ற பிரிவும் கிடையாது. விடிவதற்கு முன்பே வந்து சேர்ந்த பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி அரிச்சுவடியை முடித்து, பிறகு எழுத்தாணி பிடிக்கப் பழகி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, சதகங்கள், நிகண்டு என்று அவரவர் சக்திக்கேற்ப மேலேறிச் செல்வார்கள். முன்னே கற்றவன் சட்டாம்பிள்ளையாக இருந்து பின்னே வந்தவனுக்கு முறை சொல்லிக் கொடுப்பான். புதிய ஏட்டின்மேல் மஞ்சளும் பச்சிலைச் சாறும் கரியும் கலந்து தடவி, கீறிய எழுத்து கண்ணுக்குத் தெளியும்படி செய்கிற மையாடல் ஒரு சடங்காகவே நடைபெற்றது. பிள்ளை கைக்கொள்ளும் சுவடியே அவன் கல்வியின் அளவைச் சொல்லிவிடும். ஓலை மாறினால் வீட்டார்க்கும் தெரிந்துவிடும்.

இத்தகைய கல்வி திண்ணையை விட்டுத் தெருவுக்கு இறங்கிய காலமே மானம்பூக் காலம். உபாத்தியாயர் முன்னே செல்ல, பிள்ளைகள் வரிசையாகப் பின்தொடர்ந்து, வீடு வீடாகச் சென்று, அதற்கென்றே பயின்ற பாட்டுக்களைப் பாடிக் கோலாட்டம் அடிப்பார்கள். நாட்கணக்காகத் திண்ணையில் கோல் பிடித்துப் பழகிய பழக்கம் அன்று வாசலில் வெளிப்படும். தாளம் தவறாமல் கோல் மாற்றிக்கொள்ளும் பிள்ளையை அவன் பாட்டியே வாசற்படியில் நின்று பார்ப்பாள். வீட்டுக்காரர் தரும் பணமும் வஸ்திரமும் உபாத்தியாயருக்கு உரியவை. டாக்டர் உ.வே. சாமிநாதையர் தஞ்சைப் பக்கத்தில் தாம் கண்ட இவ்வழக்கத்தைத் தம் 'என் சரித்திர'த்தில் எழுதி வைத்திராவிடில், அதன் நுட்பங்களிற் பல நமக்கு எட்டாமற் போயிருக்கும்.

மதுரைச் சீமையில் நவராத்திரி அரச விழாவாகவும் விளங்கியது. திருமலை நாயக்கர் இராமநாதபுரத்து ரகுநாத சேதுபதிக்கு இராஜராஜேசுவரி விக்கிரகத்தை அளித்து, மதுரையில் நடப்பது போலவே நவராத்திரி கொண்டாடும் உரிமையையும் வழங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அரசன் தன் ஆயுதங்களைப் பூஜித்த அதே நாட்களில் பிள்ளை தன் எழுத்தாணியையும் சுவடியையும் பூஜையில் வைத்தான் என்பதை எண்ணும்போது, கல்வியை அந்தச் சமூகம் எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தது என்பது விளங்கும். ஆனால் அத்திண்ணைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்ததில்லை. பெண் குழந்தைகள் வருவதோ மிக அரிது. இந்தக் குறையை மறைத்துவிட்டு அக்காலத்தைப் புகழ்வது நியாயமாகாது.

சென்னை மாகாணத்துக் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ 1822-இல் ஒவ்வொரு ஜில்லாவிலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. உபாத்தியாயர்களுக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று 1826-இல் அவர் எழுதிய குறிப்பைப் படிக்கும்போது, மானம்பூவில் கிடைத்த வஸ்திரமும் காசும் அவர்கள் குடும்பத்துக்கு எத்தகைய ஆதாரமாக இருந்திருக்கும் என்பது புலனாகிறது. இதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, சென்னையில் இராணுவ அனாதை ஆசிரமத்தை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட, அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்தும் மதிக்கப்பட்டான்.

1860-களில் மானியச் சட்டங்கள் வந்தபின் நிலைமை மாறியது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி, தேறியவர் எண்ணிக்கைக்குத் தக்கபடி பள்ளிக்குப் பணம் என்று ஏற்பட்டது. கைங்கரியமாக நடந்த கல்விக்கு உத்தியோகஸ்தர் ஒருவரின் ஒரு நாள் விஜயமே உரைகல்லாயிற்று. அதனால் ஒழுங்கும் கணக்கும் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வாசலில் நின்று கேட்ட ஊராரின் காது அன்றோடு தேவையற்றதாயிற்று என்பதே என் துக்கம்.

காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம் 1937-க்குப் பின் அந்த இழப்பை ஓரளவு ஈடு செய்ய முயன்றது. திண்டுக்கல் அருகே 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. தக்ளி என்னும் கைக்கதிரில் நூற்ற நூலைக் கையிலெடுத்து இழுத்துப் பார்த்து, அதன் உறுதியைச் சொல்ல விவசாயிக்கும் முடியும், நெசவாளிக்கும் முடியும். மதிப்பெண் பட்டியலைப் படிக்கத் தெரியாதவனும் அங்கே பரீட்சகன் ஆகிறான். கைத்தொழிற் கல்வி பிள்ளையை அவன் குலத்தொழிலுக்கே கட்டிப்போடும் என்று பலர் அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. அதனாலும் அத்திட்டம் வேரூன்றாமற் போயிற்று.

2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெறுகிறது. பள்ளியில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று அது மேலேறிச் செல்கிறது. கோலாட்டமும் கரகமும் மீண்டும் பிள்ளைகளின் கைக்கு வந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் முதற்கட்டப் போட்டி பள்ளி வளாகத்தோடு முடியாமல், ஒரு மாலையேனும் தெருமுனையிலோ தெப்பக்குளக் கரையிலோ ஊரார் கூடியிருக்க நடைபெற வேண்டும். அதற்குத் தனிச் செலவு ஏதும் வேண்டியதில்லை, தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் கூடிப் பேசி ஒரு நாளைக் குறித்தாலே போதும்.