தீப்பெட்டிப் படமும் புத்தக அட்டையும்

புத்தகத்துக்கு அட்டை எதற்கு என்று கேட்டால், உள்ளே இருக்கும் தாள் அழுக்காகாமல் இருப்பதற்கு என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது. தமிழில் அந்தக் காலம் வெகுநாள் நீடித்தது. பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பவளக்கொடி மாலை, அல்லி அரசாணி மாலை என்று சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்டு, திருவிழாக் கடைகள்வரை போய் விற்ற புத்தகங்களை நேயர்களில் சிலராவது பார்த்திருப்பார்கள். மலிவான வர்ணக் காகிதந்தான் அட்டை. அதன்மேல் ஒரு படமும் தலைப்பும். வாங்குகிறவர் அந்தப் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கினார் என்று சொல்ல முடியாது. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டாள் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த கதையை வாங்க அட்டையின் சிபாரிசு வேண்டியதில்லை.

நாவல் வந்ததும் சங்கடம் வந்தது. நாவலின் கதை யாருக்கும் தெரியாது, தெரிந்துவிட்டால் வாங்கமாட்டார்கள். கடையில் வந்து நிற்கும் மனிதர் ஒரு பக்கத்தையாவது புரட்டுவதற்கு முன்னால், யாராவது அவர் கையைப் பிடித்து உள்ளே அழைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலை அட்டையின் தலையில் விழுந்தது.

படத்தைப் பார்த்துச் சாமான் வாங்கும் வித்தையை நம் ஜனங்கள் எங்கே கற்றார்கள்? பத்திரிகைச் சித்திரக்காரர்களிடம் என்று சென்னைக்காரர்கள் சொல்வார்கள். மணியமும் கோபுலுவும் பெரிய கலைஞர்கள், மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகை படிக்கிற வீட்டுக்குள்தானே பத்திரிகைச் சித்திரம் போகும்? படிப்பு வாசனையே இல்லாத வீட்டிலும் அடுப்படிப் பிறையில் ஒரு படம் இருந்தது. அது தீப்பெட்டிப் படம். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஊர் அபிமானத்தில் பேசுகிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

ஆதியில் தீப்பெட்டி நமக்கு ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. அந்த அந்நியப் பெட்டிகளின் மேலேயே நம் தெய்வங்களின் படங்கள் இருந்தன. எங்கே விற்கிறோமோ அந்த ஊர்க் கண்ணுக்குப் பிடித்ததை ஒட்ட வேண்டும் என்ற சூட்சுமம் அந்த வியாபாரிகளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-ல் திரும்பி வந்து ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார்கள். எங்கள் சீமையில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சரித்திரம் இது. ஸ்வீடன் கம்பெனியின் இந்தியக் கிளையான ‘விம்கோ’ பிறந்ததும் அதே 1923-ல்தான். ஒரு பக்கம் உலகத்தையே வளைத்த கம்பெனியும் அதன் யந்திரங்களும். மறுபக்கம் மழை பொய்த்த கரிசலும் கூலிக்கு அலைந்த கைகளும். மழை இல்லாதது சம்சாரிக்குச் சாபம். தீக்குச்சி காய்வதற்கு வரம்.

எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே குச்சி ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் மேலே ஒட்டிய படத்தில் இருந்தது. அய்ய நாடாருக்கு அணில். சண்முக நாடாருக்குக் காக்கா. கடைக்கு வரும் கிழவிக்குக் கம்பெனியின் பெயரும் தெரியாது, முதலாளியின் பெயரும் தெரியாது. “அணில் பெட்டி ஒண்ணு குடுய்யா” என்பாள். கடைக்காரர் வேறு பெட்டியை நீட்டினால் தள்ளிவிடுவாள். எழுத்துக் கூட்டி வாசிக்காத அந்தக் கிழவியை வாசகி என்று சொன்னால் என்ன தப்பு? படத்தைப் பார்த்தாள், அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டாள், உரசிப் பார்த்தாள், சொன்னபடி பற்றியது. அடுத்த தடவையும் அதையே கேட்டாள்.

பட்டாசில் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1940-ல் வெடிமருந்து விதிகள் வந்து, லைசென்ஸ் வாங்கித் தொழில் செய்யும் முறை ஏற்பட்ட பிறகு சிவகாசியில் பட்டாசு பெருகியது. குருவிப் படம் ஒட்டியது குருவி வெடி, லட்சுமி படம் ஒட்டியது லட்சுமி வெடி. சாமானுக்கே படம் பெயராகிவிட்டது! தீபாவளிக்கு மறுநாள் தெருவெல்லாம் சிதறிக் கிடக்கும் லட்சுமியை மிதிக்காமல் நடக்கச் சொல்லி என் பாட்டி சத்தம் போடுவாள். தெய்வத்தின் படத்தை வெடியில் ஒட்டலாமா என்ற ஆட்சேபம் பிற்பாடு பெரிதாகவே கிளம்பியது. பாட்டியின் ஆட்சேபம் அதற்கு மூத்தது.

சிவகாசிக்கு அச்சகம் வந்ததற்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தம் இல்லை. லேபிளுக்காக வந்தது. முதலில் வந்தது கல் அச்சு. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். கல்லை ஈரமாக்கி மையை உருட்டினால், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மை பிடிக்கும்; ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். அணிலின் முதுகுக்கு ஒரு கல், பின்னால் இருக்கும் சிவப்புக்கு ஒரு கல் என்று ஒவ்வொன்றாக ஏற்றி, ஒரு மயிரிழை விலகாமல் பொருத்த வேண்டும். இந்த முறையை 1790-களின் கடைசியில் கண்டுபிடித்த செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர் ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடப் போய் இதைக் கண்டுபிடித்தார். பிரசுரகர்த்தரிடம் நடையாய் நடந்த எழுத்தாளன் உலகத்துக்குச் செய்த உபகாரங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

வர்ணம் கூடினால் கல் கூடும், கல் கூடினால் கூலி கூடும். ஆகவே லேபிள் வரைந்தவர்கள் இரண்டு மூன்று வர்ணத்தில் காரியத்தை முடிக்கக் கற்றார்கள். நடுவில் ஒரே உருவம். சுற்றிலும் கெட்டியான நிறம். பத்தடி தூரத்தில் இருந்தாலும், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்திலும் அடையாளம் தெரிய வேண்டும். பின்னாளில் கல் போய்த் துத்தநாகத் தகடு வந்தது, ஆப்செட் யந்திரம் வந்தது. காற்றில் ஈரம் குறைவான ஊர் என்பதால் காகிதம் இழுபடாமல் நிற்கும். வர்ணம் வர்ணத்தின்மேல் சரியாக உட்காரும். குச்சியைக் காய வைத்த அதே வெயில் அச்சுக்கும் உதவியது. யந்திரம் வாங்கிப் போட்டவர்களால் லேபிளோடு நிற்க முடியுமா? காலண்டர் வந்தது, டைரி வந்தது, நோட்டுப் புத்தகத்தின் மேலட்டை வந்தது. கடைசியில், எங்கோ சென்னையில் அச்சான நாவலுக்கு மேலட்டை மட்டும் சிவகாசியில் அடித்து லாரியில் போயிற்று.

காலண்டரைப் பற்றிப் பேசினால் கொண்டைய ராஜுவை விட முடியாது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். 1976-ல் மறைந்தார். அவரும் சீடர்களும் எழுதிய லட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி, தென்னாட்டில் போகாத வீடு இல்லை. அந்த முகங்களில் ஒரு விசேஷம்: பார்க்கிறவரை நேருக்கு நேர் பார்க்கும். நாடகத் திரையில் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும்படி எழுதிப் பழகிய கை அது.

காலண்டர் வியாபாரத்தின் முறை வேறு மாதிரி. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்து ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஜவுளிக்கடைக்காரரோ எண்ணெய்ச் செக்குக்காரரோ ஆல்பத்தைப் புரட்டி, ‘இந்த முருகன் இருநூறு’ என்று சொல்லிவிட்டுப் போவார். முருகனுக்குக் கீழே காலியாக விட்ட இடத்தில் அவர் கடைப் பெயர் ஏறும். அதே முருகன் பக்கத்து ஊரில் உரக்கடைக்கும் அருள்பாலிப்பார். காலண்டருக்கு இதில் குற்றமில்லை. முருகன் யாருக்கும் பொது.

இந்த வழக்கம் நாவலுக்குள் புகுந்ததுதான் வில்லங்கம். பிரசுரகர்த்தரிடம் முன்கூட்டியே ஒரு பெண்ணின் படம் இருக்கும். எந்த நாவல் அச்சுக்குத் தயாராகிறதோ அதன் தலையில் அவளை வைத்துவிடுவார். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1969-ல் ‘ராணிமுத்து’ வந்து, மாதம் ஒரு நாவல் பெட்டிக்கடைக் கம்பியில் தொங்க ஆரம்பித்தது. பிறகு அதைப் பின்பற்றி எத்தனையோ. பஸ் நிற்கும் ஐந்து நிமிஷத்தில், ஜன்னல் ஓரத்து மனிதர் கையை நீட்ட வேண்டும். இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு முன்பே ரயில் நிலையத்தில் விற்ற மஞ்சள் அட்டை நாவல்களின் கதையும் இதுவேதான். கம்பியில் தொங்கும் புத்தகத்தில் தீப்பெட்டி விதி செல்லும்: ஒரே உருவம், கெட்டி நிறம், நேராகப் பார்க்கும் கண்.

என் நாவல் ஒன்றுக்கு இது நடந்தது. கதை, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற ஒரு பெண்ணைப் பற்றியது. (வெளியூர் நேயர்களுக்கு: எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) அட்டையில் தலை நிறைய மல்லிகையும் கையில் குத்துவிளக்குமாக ஓர் அழகி சிரித்துக்கொண்டிருந்தாள். பிரசுரகர்த்தரின் பெயர் வேண்டாம். கேட்டதற்கு, “ஆபீஸ் பெண்ணைப் போட்டால் எவன் சார் வாங்குவான்?” என்றார். புத்தகம் விற்றது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் வந்த கடிதங்களைச் சொல்ல வேண்டும். ‘அட்டையில் இருக்கும் பெண் எப்போது வருவாள் என்று கடைசி அத்தியாயம் வரை காத்திருந்தேன்’ என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், கதை நன்றாக இருந்தது, ஆனால் கடையில் தெரியாமல் வேறு அட்டை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று வருத்தப்பட்டார்.

என் சித்தி எழுதப் படிக்கத் தெரியாதவள். விடியுமுன் வரும் ஆபீஸ் பஸ்ஸில் பத்து வயதில் ஏற ஆரம்பித்தவள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது; சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 1996-ல் வந்தது. இரண்டும் அவளுக்குப் பிந்தி வந்தவை. அவள் ஒட்டிய லேபிளைக் குரோஸ் கணக்கில்தான் சொல்ல வேண்டும். குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நான்கு. ஆகவே அட்டைப் படத்தைப் பற்றிப் பேச அவளுக்கு என்னைவிட அதிகாரம் உண்டு. புத்தகத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“ஏய்யா, இந்தப் பிள்ளை யாரு?”

“கதையில வர்றவதான் சித்தி. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கிறவ.”

“ஆபீஸ்லயா? கையில பசையைக் காணோமே!”

நாவலை நூறு தடவை வாசித்த விமரிசகர் இப்படி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் அவருக்குக் கடமைப்பட்டிருப்பேன். அணில் பெட்டிக்குள் தீக்குச்சி இருந்தது. இந்தப் பெட்டியில் படம் ஒன்று, சரக்கு வேறு. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு எழுத்து தேவைப்படவில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1935-ல் லண்டனில் ஆலன் லேன் என்பவர் பெங்குவின் புத்தகங்களை ஆறு பென்ஸ் விலையில் கொண்டுவந்தார். அட்டையில் அழகியும் இல்லை, அழகனும் இல்லை. ஆரஞ்சுப் பட்டை என்றால் நாவல், பச்சை என்றால் துப்பறியும் கதை, நீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. எட்வர்ட் யங் என்ற இளைஞரை மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பி வரைந்து வரச் சொன்ன பறவை ஒன்று அட்டையில் நிற்கும். கனவான்கள் கவுரவமான அட்டை என்று மெச்சினார்கள். எனக்கென்னவோ அது அசல் சிவகாசி உபாயமாகத்தான் படுகிறது: மாறாத வர்ணம், ஒரு பறவை மார்க்கு, உள்ளே சொன்ன சரக்கு.

தமிழில் 1974-ல் தொடங்கிய க்ரியா வேறு தினுசாகச் செய்தது. ஆதிமூலம் அட்டைகள் வரைந்தார். அவரும் கொண்டைய ராஜு படித்த அதே சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர் என்பது ரசமான விஷயம். ஒரே பள்ளிக்கூடம், ஒருவர் வீடு வீடாகப் போனார், ஒருவர் சில நூறு அலமாரிகளுக்குப் போனார். ஆதிமூலத்தின் கோட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் ‘இவள் எப்போது வருவாள்?’ என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எழுத்தின் கௌரவத்துக்கு அந்த அட்டைகள் செய்த சகாயம் பெரிது. என் சித்தியைப் போன்றவர்களின் கைக்கு அவை வந்து சேரவில்லை என்பதும் உண்மை.

அட்டையே இல்லாமல் வாசித்த கூட்டமும் ஒன்று உண்டு. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் கிளை நூலகங்கள் பரவின. அங்கே புத்தகம் கொஞ்சம் கிழிந்ததும் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் காலிகோ பைண்டு போட்டுவிடுவார்கள். அலமாரி முழுவதும் ஒரே பழுப்பு. நாங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தோம் தெரியுமா? ஓரம் அதிகம் அழுக்கான புத்தகத்தை எடுப்போம். பல பேர் புரட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தச் சித்திரக்காரரும் அவ்வளவு நம்பகமான அட்டை வரைந்ததில்லை.

இப்போது அட்டையைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். சிவகாசிக்குப் போய் மை காயுமுன் பார்க்கும் அவசியம் இல்லை. மாதிரி கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. வாங்குபவரும் பாதிப் பேர் கைப்பேசியிலேயே பார்த்து வாங்குகிறார்கள். திரையில் அட்டை தீப்பெட்டி லேபிள் அளவுதான் தெரிகிறது. சின்ன எழுத்து, மெல்லிய கோடு, நாலைந்து முகம் எல்லாம் அதில் கரைந்துபோகின்றன. ஒரே உருவம், கெட்டி நிறம் மட்டும் நிற்கின்றன. என் நாவலின் மறுபதிப்புக்குப் புதிய பிரசுரகர்த்தர் மூன்று மாதிரிகள் அனுப்பியிருக்கிறார். ஒன்றில் இரண்டு கைகள் மட்டும் இருக்கின்றன, விரல்களில் பசையோடு. சித்தியிடம் காட்ட வைத்திருக்கிறேன்.