51 பெட்டிகளும் மலையகத்தின் கேள்வியும்

புதுடில்லி தீன் மூர்த்தி மாளிகை ஜவஹர்லால் நேருவின் உத்தியோகபூர்வ வாசஸ்தலமாக இருந்தது. 1964இல் அவர் மறைந்த பின்னர் அது நினைவு நூதனசாலையாகவும் நூலகமாகவும் மாற்றப்பட்டது. 1971 முதல் நேருவின் கடிதங்களும் குறிப்புகளும் அங்கு ஒப்படைக்கப்பட்டன. 2008இல் அவற்றுள் 51 பெட்டிகள் சோனியா காந்தியின் சார்பில் மீளப் பெறப்பட்டன. எட்வினா மவுண்ட்பேட்டன், ஐன்ஸ்டைன், ஜெயப்பிரகாஷ் நாராயண் ஆகியோருடனான கடிதங்கள் அவற்றில் அடங்கும் எனக் கூறப்படுகிறது. 2024 டிசம்பரில் நூலகச் சங்க உறுப்பினரான வரலாற்றாசிரியர் ரிஸ்வான் காத்ரி, அவற்றைத் திருப்பித் தருமாறு ராகுல் காந்திக்கு எழுதினார். காங்கிரசும் பாரதீய ஜனதாவும் வழமைபோல் மல்லுக்கட்டின. அந்த இரைச்சலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது நல்லதொரு சட்டப் பிரச்சினை.

குடும்பம் கொடுத்தது நன்கொடையா, பாதுகாப்புக்கான ஒப்படைப்பா? நன்கொடையெனில் கொடுத்தவரின் வாரிசு திருப்பிக் கேட்க இயலாது. ஒப்படைப்பெனில் கேட்கலாம். இந்தியாவின் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் அரசாங்க அலுவலகப் பதிவேடுகளைப் பற்றியது. பிரதமர் தம் சகோதரிக்கு எழுதும் மடலைத் தொடாது. ஆனால் 17 ஆண்டுகள் பிரதமராக இருந்தவரின் மடலில் குடும்ப நலன் ஒரு வரி, காஷ்மீர் மறுவரி. கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிக்கவா முடியும்?

அமெரிக்கா நிக்சன் விவகாரத்தில் பட்ட பாட்டினால், 1978இல் ஜனாதிபதியின் ஆவணங்கள் அரசுக்கே உரியவை எனச் சட்டம் இயற்றியது. அப்படியிருந்தும் பதவி விலகிய டிரம்ப்பின் புளோரிடா இல்லத்தில் 2022 ஆகஸ்டில் சோதனை நடத்த நேர்ந்தது. 2023இல் குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று. 2024 ஜூலையில் நீதிபதி அய்லீன் கனன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். விசேட வழக்குத்தொடுநரின் நியமனம் சட்டப்படி செல்லாது என்பதே காரணம். ஆவணங்களை வைத்திருந்தது சரியா என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

நம் நாட்டில் 1973ஆம் ஆண்டின் தேசிய சுவடிக்கூடச் சட்டம் உண்டு. ஜே.ஆர். ஜயவர்தனவின் பெயரிலான நிலையத்திற்கென 1988இல் பாராளுமன்றமே தனிச்சட்டம் நிறைவேற்றியது. 

டில்லிப் பெட்டிகளுக்கும் ஹட்டனுக்கும் என்ன சம்பந்தம் என வாசகர் வினவலாம். 1939 ஜூலையில் நேரு இலங்கை வந்த வேளையிலேயே இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கிற்று. 1954 ஜனவரியில் நேரு – கொத்தலாவல ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இலங்கை நிராகரித்தவர்கள் அனைவரும் தாமாகவே இந்தியப் பிரஜைகள் ஆகிவிடமாட்டார்கள் என்பது நேருவின் உறுதியான நிலைப்பாடு. அவர் மறைந்த சில மாதங்களிலேயே, 1964 அக்டோபர் 30இல், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேர் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டனர். ஒரு தசாப்தத்தின் பின் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அந்த நிலைப்பாடு எப்படிக் கரைந்தது என்பதை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு அக்காலத் தனிமடல் ஒவ்வொன்றும் முக்கியம்.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த லயத்துக் குடும்பஸ்தனிடம், 1946க்கு முந்திய 7 ஆண்டுகள் இடையறாது வசித்தமைக்கு அத்தாட்சி கேட்டது அரசு. மணமாகாதவரிடம் 10 ஆண்டுகளுக்குக் கேட்டது. கடதாசி இல்லாததால் உரிமை இழந்தவர் ஆயிரமாயிரம். தலைவர்களின் கடதாசியைக் கேட்கும்போது மட்டும் அது குடும்பச் சொத்தாகிவிடுகிறது!

மூலப்பிரதி இயலாவிடில் நகலையோ கணினிப் பிரதியையோ தருமாறும் காத்ரி கேட்டிருந்தார். மலையக ஆய்வாளருக்கு அந்த நகலே போதும்.