கூடை முடைந்த ஊரில் மின்சாரக் கார்

தஞ்சோங் மாலிமில் 1922-ஆம் ஆண்டு சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. மலாய்ப் பள்ளி ஆசிரியர்களை உருவாக்கிய அக்கல்லூரியில் கூடை முடைதலுக்கும் தோட்டக்கலைக்கும் முக்கிய இடம் தரப்பட்டது. விவசாயி மகன் நல்ல விவசாயியானால் போதும் என்பது ஆங்கிலேய அதிகாரிகளின் கணக்கு.

தோட்டத் தமிழர்களுக்கும் அதே கதைதான். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் கூறியது. ஆனால், கல்வி ஆரம்பப் பள்ளியோடு நின்றது. பாடத்திட்டமே தலைவிதியானது.

அக்கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமானது. 2003-இல் புரோட்டோன் தொழிற்சாலை இங்கு இயங்கத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் மின்சாரக் கார் ஆலையும் திறக்கப்பட்டது.

மின்சாரக் காரின் பேட்டரி பல நூறு வோல்ட் கொண்டது. கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்து. எனவே, இயந்திரவியல் தனி, மின்னியல் தனி என்ற பழைய பிரிவினை இனி உதவாது. மின் பாதுகாப்பு, பேட்டரி வேதியியல், வெப்பக் கட்டுப்பாடு, மென்பொருள் ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்க வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் கிடைக்கிறது. ஆகவே, சூரிய சக்தியும் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

அருகிலுள்ள பேராங்கில் போலிடெக்னிக் உண்டு. எஸ்.பி.எம். முடித்த தோட்டப்புற மாணவர் சான்றிதழில் தொடங்கி, டிப்ளோமா, பட்டம் என ஏறிச் செல்லும் வகையில் இப்பாடங்கள் அமைய வேண்டும். இல்லையேல், ஆலை வாசலில் காவலாளியாக நிற்பதே அவருக்கு மிஞ்சும். நூறாண்டுக்கு முன் போட்ட கணக்கை மீண்டும் போடலாகாது.