இன்டர்ஃபெரான்

வைரஸ் தாக்கிய செல்கள் சுரக்கும் ஒருவகைப் புரதங்களின் பொதுப்பெயர். இவை வைரஸை நேரடியாகத் தாக்குவதில்லை. அண்டைச் செல்களின் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, அங்கே அடங்கிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. வைரஸ் வந்து சேருமுன்பே அந்தச் செல்கள் தயாராகிவிடுகின்றன.

1957இல் லண்டன் மில் ஹில்லில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் இருவரும் கோழிக்கருச் சவ்வின் துண்டுகளை, சூடேற்றிச் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸோடு ஊறவைத்தனர். அந்த நீரைப் புதிய துண்டுகளுக்கு மாற்றியபின் உயிருள்ள வைரஸை விட்டும் அது சரிவரப் பெருகவில்லை. நீரில் இருந்த பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். 1954இலேயே டோக்கியோவில் நாகானோவும் கோஜிமாவும் முயல் தோலில் இதுபோன்ற தடைப்பொருளைக் கண்டிருந்தனர். இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையில் அவர்களுக்கும் உரிய பங்குண்டு.

அதிகம் பேசப்படாத சோதனை ஒன்றுதான் உண்மையான திருப்புமுனை. ஆக்டினோமைசின் என்னும் மருந்து, செல் தன் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. எடுப்பதை நிறுத்திவிடும். அம்மருந்து கொடுத்த செல்களை இன்டர்ஃபெரானால் காப்பாற்ற முடியவில்லை என்று 1964இல் ஜாய்ஸ் டெய்லர் காட்டினார். ஆக, காப்பது செல்லே. தன் மரபணுக்களைப் புதிதாக இயக்கித்தான் அது காக்கிறது.

அந்த இயக்கம் நடக்கும் வழியை 1990களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் டார்னெல், ஜார்ஜ் ஸ்டார்க், இயன் கெர் ஆகியோரின் குழுக்கள் துலக்கின. ஏற்பியோடு ஒட்டியுள்ள ஜாக் நொதிகள் ஸ்டாட் புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. பாஸ்பேட் பெற்ற ஸ்டாட் புரதங்கள் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.யில் உரிய இடத்தில் அமர்கின்றன. அப்போது விழிக்கும் மரபணுக்களில் ஒன்று வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டாட வழிசெய்கிறது, இன்னொன்று செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்துகிறது. எம்எக்ஸ் மரபணுவும் இவற்றுள் அடங்கும். இன்ஃப்ளூயன்சாவுக்கு மசியாத ஓர் எலி இனத்தை லிண்டன்மான் 1962இல் அறிவித்திருந்தார். அந்த எதிர்ப்புக்குக் காரணமான எம்எக்ஸை இயக்குவதும் இன்டர்ஃபெரானே என்பது பின்னாளில் தெரியவந்தது.

வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. இன்ஃப்ளூயன்சாவின் என்.எஸ்.1 புரதம், இன்டர்ஃபெரான் சுரப்பையே தடுக்கப் பார்க்கிறது.

1986இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் மருந்தாக ஏற்கப்பட்டது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களுக்கும் நெடுங்காலம் பயன்பட்டது. உடலில் அதன் இன்றியமையாமையைக் கோவிட் காட்டியது. 2020இல் வெளியான ஆய்வொன்றில், உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேரின் இரத்தத்தில் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன; லேசான தொற்றோ அறிகுறியற்ற தொற்றோ கண்ட 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை.