ரஷ்ய இரும்பு: உங்களுக்கு நான் சொன்ன ஒரு தவறான கதை

அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கத்தில் மகன் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன ஆசிரியர் தினத்தன்று ஒரு பழைய மாணவன் என் பக்கத்தில் எழுதியிருந்தான்: "சார், ரஷ்யாக்காரன் மட்டமான இரும்பைக் கொடுத்து இத்தாலி காரையெல்லாம் துருப்பிடிக்க வெச்ச கதை இன்னும் ஞாபகம் இருக்கு." முப்பது நாற்பது பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தீர்கள். நானும் பெருமையாக ஒரு கைகூப்புப் படம் போட்டேன். அந்தக் கதையை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மறந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பனிப்போர் பாடம் நடத்தும்போது, மத்தியான வகுப்பில் தூங்கி விழும் பையன்களை எழுப்ப நான் வைத்திருந்த சரக்கு அது. 1966-இல் இத்தாலியின் ஃபியட் கம்பெனி சோவியத் நாட்டுக்கு ஒரு கார் தொழிற்சாலை கட்டித்தர ஒப்பந்தம் போட்டது. சோவியத்திடம் டாலர் இல்லை. அதனால் கூலியாக இரும்புத் தகடு அனுப்பினார்கள். அது மட்டமான இரும்பு. அதில் செய்த இத்தாலிக் கார்கள் நாலே வருஷத்தில் துருப்பிடித்து உதிர்ந்தன. கம்யூனிசம் முதலாளித்துவத்தைப் பழிவாங்கிவிட்டது! இந்த இடத்தில் வகுப்பே சிரிக்கும். நான் இதை எங்கோ ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். எந்தப் பத்திரிகை, எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூலம் எழுதாமல் விட்ட உங்கள் விடைத்தாள்களில் நான் எத்தனை மதிப்பெண் குறைத்திருப்பேன்!

இனி காருக்கு வருகிறேன். என் மகன் 1974-ஆம் வருஷத்து ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடர் ஒன்றை ஒரு கொட்டகையிலிருந்து வாங்கி வந்து, வீட்டு கராஜில் நிறுத்தியிருக்கிறான். இரண்டு கதவு, மேலே மடக்கும் துணிக்கூரை. இதன் அப்பன்தான் ஃபியட் 124 என்ற குடும்பக் கார். சோவியத்துக்காரர்கள் வாங்கிப்போய் லாடா என்று உலகமெங்கும் விற்றது அந்த 124-இன் வடிவத்தைத்தான். ஆக, என் வகுப்புக் கதையின் நாயகனே மகன் வீட்டுக்குள் வந்து நிற்கிறான்.

ஸ்பைடரின் பிறப்புக் கதை அழகானது. 1966 நவம்பரில் டூரின் கார் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். வடிவமைத்தது பினின்ஃபரினா நிறுவனம். அங்கே அதை வரைந்தவர் டாம் ட்ஜார்டா. இத்தாலிக்காரர் இல்லை, 1934-இல் இதே டெட்ராய்ட்டில் பிறந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு டூரினுக்குப் போனவர். எஞ்சினைச் செய்தவர் அவ்ரேலியோ லாம்ப்ரெடி. ஃபெராரிக்குப் பந்தய எஞ்சின் செய்துகொடுத்த அதே மனிதர்தான். தலைக்கு மேல் இரண்டு கேம் ஷாஃப்ட். அவற்றைச் சுற்றுவது சங்கிலி அல்ல, பல் வைத்த ரப்பர் பெல்ட். அந்தக் காலத்தில் சாதாரண விலைக் காரில் அது புதுமை. எங்கள் வண்டியில் இருப்பது 1756 சிசி. 1985 வரை ஏறக்குறைய இரண்டு லட்சம் வண்டிகள் செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் வந்தது.

எஞ்சின் வேலையை மகன் பார்த்துக்கொண்டான். எனக்குக் கிடைத்தது டிங்கர் வேலையில் எடுபிடி. விளக்குப் பிடிப்பது, தகடு பிடிப்பது, தீயணைப்பான் பக்கத்தில் நிற்பது. (பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோன பிறகுதான் வெல்டிங் என்பது மருமகள் போட்ட சட்டம். நல்ல சட்டம்.)

முதல் வாரமே அவன் ஒரு காந்தத்தை எடுத்து வண்டியின் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தான். பல இடத்தில் ஒட்டியது. சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழேயும் ஒட்டவில்லை. அங்கே இருந்தது இரும்பல்ல, பட்டி. முன்பு வைத்திருந்த யாரோ ஓட்டையைப் பட்டி போட்டு மூடி, மேலே பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் பொத் பொத்தென்று உள்ளே போனது.

கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீளமாக ஓடும் பெட்டிபோன்ற பகுதியை இங்கே ராக்கர் என்கிறார்கள். கூரையில்லாத காருக்கு அதுதான் முதுகெலும்பு. அதை அப்படியே வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. அதனால் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்துவிட்டு, ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம் என்று வேலை. இடது பக்க வெளித்தகட்டை கிரைண்டரால் அறுத்துத் திறந்த அன்றுதான் எனக்குச் சங்கடம் ஆரம்பித்தது.

உள்ளே இரண்டு கை நிறையத் துருப்பொடி, சேறு. தகட்டின் வெளிப்பக்கத்தில் பெயிண்ட் இருந்தது, உட்பக்கத்தில் பேருக்குக்கூட இல்லை. துரு வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. உள்ளிருந்து வெளியே தின்றிருக்கிறது. அடியில் தண்ணீர் வெளியேற வைத்த ஓட்டைகள் சேற்றால் அடைந்து கிடந்தன. இரண்டு தகடு சேரும் மடிப்புகளில் அரிப்பு அதிகம். அந்த இடுக்கில் ஈரம் புகுந்தால் காயாது.

அதே நாள் சாயங்காலம் மகன் பானெட்டையும் கதவின் நடுப்பகுதியையும் பெயிண்ட் சுரண்டினான். கீழே தகடு புதுச் சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. ஐம்பது வருஷத்து இரும்பு! அவன் சாதாரணமாகக் கேட்டான்: "ஏம்பா, ரஷ்ய இரும்பு கெட்டதுன்னா எல்லா இடத்துலயும்தானே கெட்டிருக்கணும்? தண்ணி தங்கின இடத்துல மட்டும் எப்படிக் கெடும்?"

நான் பதில் சொல்லவில்லை. அவன் விடவில்லை. "ஆதாரம் என்னப்பா?" என்றான். வகுப்பில் முப்பது வருஷம் நான் கேட்ட கேள்வி. அவனிடமும் கேட்டிருக்கிறேன், பத்தாவது படிக்கும்போது, கொஞ்சம் கடுமையாகவே.

இரண்டு வாரம் பகலில் விளக்குப் பிடிப்பது, ராத்திரியில் படிப்பது என்று ஓடியது.

முதலில் ஒப்பந்தம். 1966 மே மாதம் டூரினில் உடன்பாடு, ஆகஸ்டில் மாஸ்கோவில் முழு ஒப்பந்தம். இது உண்மை. ஃபியட்டின் நெடுநாள் தலைவர் விட்டோரியோ வல்லெட்டா இதன் பின்னால் நின்றவர். வோல்கா நதிக்கரையில் தொல்யாத்தி நகரத்தில் தொழிற்சாலை எழுந்தது. 1970 ஏப்ரலில் முதல் கார்கள் வெளியே வந்தன. ஆனால் பணம்? இத்தாலிய அரசு சார்ந்த ஐ.எம்.ஐ. என்ற நிதி நிறுவனம் சோவியத் நாட்டுக்குக் கடன் கொடுத்தது. வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். காருக்குப் பண்டமாற்றாகத் தகடு என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படையே அல்ல. அமெரிக்காவுக்கு இந்த ஒப்பந்தம் மேல் பெரிய சந்தேகம். 1967-இல் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்று இதை ஆராய்ந்து அறிக்கையே போட்டது. இரண்டு நாட்டுக்கும் இடையே வேறு சரக்குகள் போய்வந்தது தனிக் கதை. அதையும் இதையும் யாரோ ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள்.

போகிற போக்கில் என் இன்னொரு தவறும் அகப்பட்டது. இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தியின் பெயரை அந்த ஊருக்கு ஃபியட்டை மகிழ்விக்க வைத்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் 1964 ஆகஸ்டில் யால்டாவில் இறந்தார். அதே மாதம் ஊருக்குப் பெயர் மாறிவிட்டது. ஃபியட் ஒப்பந்தம் இரண்டு வருஷம் கழித்து. காலவரிசையைப் பார்க்காத வரலாற்று ஆசிரியரை என்ன சொல்வது!

இரண்டாவது, கதையில் சேராத கார்கள். 1971-இல் அறிமுகமான ஆல்ஃபாசுட் துருவுக்குப் பெயர்போனது. ஆனால் ஆல்ஃபா ரோமியோ 1986 வரை இத்தாலிய அரசின் கம்பெனி. ஃபியட் ஒப்பந்தத்தில் அதற்குப் பங்கே இல்லை. இதற்காகவே கதை சட்டையை மாற்றிக்கொள்கிறது: ஒருவர் கூலித் தகடு என்பார், இன்னொருவர் ரஷ்யப் பழைய இரும்பை உருக்கினார்கள் என்பார். ஆளுக்கு ஆள் மாறும் சாட்சியத்தை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இத்தாலியையே விடுங்கள். இதே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1970-இல் செவ்ரோலே வேகா என்று ஒரு சின்னக் கார் விட்டது. அதன் முன் மட்கார்டுகள் ஒன்றிரண்டு குளிர்காலத்திலேயே ஓட்டை விழுந்தன. அதில் எந்த ரஷ்ய இரும்பு? உடம்பை முழுதாகப் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, எல்லா இடுக்கிலும் ஒட்டவைக்கும் முறை அப்போது புதிது. வேகாவை முக்கும்போது மட்கார்டின் மேல் மூலையில் காற்றுக்குமிழி தங்கிவிட்டது. அந்த இடத்தில் பிரைமர் ஏறவில்லை. அதே இடம் துருப்பிடித்தது. எங்கள் ஸ்பைடரின் ராக்கருக்குள் நான் பார்த்ததும் இந்த நியாயம்தான்: பூச்சு போகாத இடம், தண்ணீர் போகும் இடம்.

மூன்றாவது உப்பு. இதை நான் வாசல் கதவைத் திறந்தே கற்றேன். பனி விழுந்த மறுநாள் காலையில் லாரி வந்து தெருவெல்லாம் கல் உப்பைக் கொட்டிவிட்டுப் போகிறது. பனி உருகி உப்புக்கரைசலாகி, காரின் அடிவயிற்றில் அடிக்கிறது. இந்த டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, நூறு வருஷத்துக்கு மேலாக உப்புச் சுரங்கம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நெடுஞ்சாலைகள் பெருகப் பெருக, கொட்டும் உப்பும் பல மடங்கானது. வேதாரண்யம் பக்கத்தில் பிறந்தவனுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று புத்தகம் பார்த்தா தெரிய வேண்டும்? அப்பாவின் சைக்கிள் செயினை வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டவன் நான். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்ததை உங்களுக்கு நாள்கணக்கில் நடத்தினேன். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி உதிர்ந்ததை மட்டும் இந்தப் பாடத்தோடு சேர்க்கத் தோன்றவில்லை.

டூரினிலும்தான் பனி விழும் என்று கேட்பீர்கள். நியாயம். அங்கேயும் துருப்பிடித்தன. ஃபியட்டுக்கும் அதோடு சேர்ந்த கம்பெனிகளுக்கும் இதில் பழி இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்னும் சொன்னால், ரஷ்ய இரும்புக் கதை அவர்களைக் காப்பாற்றுகிறது! தகட்டை மெல்லிசாக வைத்தது, பெட்டிகளுக்கு உள்ளே பூச்சு விடாமல் மூடியது, மடிப்புகளைத் திறந்து போட்டது எல்லாம் பட்டறையில் எடுத்த முடிவுகள். 1980-இல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களை, எஞ்சின் தாங்கும் அடிச்சட்டம் அரித்துப்போனதால், கம்பெனியே உரியவர்களிடமிருந்து திரும்ப வாங்க வேண்டிவந்தது. லான்சியா 1969 முதல் ஃபியட்டின் கையில் இருந்தது. 1969-இல் இத்தாலியத் தொழிற்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன; பெயிண்டுக்குப் போகாமல் வெற்று உடம்புகள் வெளியே கிடந்தன என்பார்கள். இனிமேல் அதையும் ஆதாரம் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

மாற்று வழி இருந்ததா என்றால், இருந்தது. செலவுதான். போர்ஷே 1970-களின் நடுவில் தன் 911 காரின் உடம்பை முழுக்கத் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்ய ஆரம்பித்தது. ஃபியட்டே 1988-இல் டீப்போ காருக்குத் துத்தநாகத் தகடு போட்டது.

எனக்குப் பிடித்த சான்று ரஷ்யாவிலேயே இருக்கிறது. 124-ஐ வாங்கிய சோவியத் எஞ்சினியர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. தங்கள் சாலைக்காக எண்ணூறுக்கும் மேல் மாற்றம் செய்தார்கள்; பின்சக்கர டிஸ்க் பிரேக்கை எடுத்து டிரம் வைத்தார்கள், உடம்புத் தகட்டைக் கனமாக்கினார்கள். என் கதையில் மட்டமான தகட்டைத் தள்ளிவிட்ட வில்லன்கள் இவர்கள்தான். அந்த எஞ்சினியர்களைப் பற்றி முப்பது வருஷம் கேலி பேசியிருக்கிறேன், சிரிக்கவும் வைத்திருக்கிறேன். அதுதான் அதிகம் உறுத்துகிறது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மகனிடம் சொன்னேன். "அப்ப அந்தக் கதை?" என்றான். "தப்புடா" என்றேன். சிரித்துவிட்டு, "நான் என் ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்பா" என்றான்.

வண்டி நிலவரம்: இடது ராக்கர் புதுத் தகட்டில் முடிந்தது. உள்ளே துரு தடுக்கும் பிரைமர், அதன் மேல் மெழுகு, தண்ணீர் ஓட்டைகள் திறந்தே இருக்கின்றன. நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கம் அடுத்த மாதம். பெயிண்ட் கோடையில்தான், அதற்குள் நான் ஊர் திரும்பிவிடுவேன். நிறம் மஞ்சளா சிவப்பா என்று அவர்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. படம் கீழே இருக்கிறது. அழுக்குச் சட்டையில் விளக்கோடு நிற்பது நான்தான்.

உங்களில் சிலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். இரண்டு பேர் இந்தக் கதையை உங்கள் வகுப்பிலும் சொல்வதாக என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். யார் என்று உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை முதல் வேலையாக அதைத் திருத்திவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.